உங்களுக்குத் தெரியுமா? ஒரே பெயர், பல விமானங்கள்

திரியாய்க் கடற்கரைக்கும் சீனக்குடா விமானத் தளத்துக்கும் நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம்தான். இரண்டாம் உலகப் போரில் அந்தத் தளத்துக்கு வந்துபோன விமானங்கள் பல வகை. அந்தக் காலத்துப் படம் ஒன்று கையில் கிடைத்தால், கீழே 'டகோட்டா' என்றோ 'யப்பான் விமானம்' என்றோ எழுதிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுகிறோம். அது போதாது. ஒரு பெயருக்குள் பத்துப் பன்னிரண்டு தயாரிப்பு வகைகள் இருக்கும். எந்த வகை என்று பிடித்துவிட்டால் படம் எடுத்த காலம் தெரியும். சில வேளை விமானம் பிறந்த தொழிற்சாலையே தெரியும். இடம்பெயர்வில் ஆல்பங்களைப் பறிகொடுத்த ஊர்கள் நாங்கள். மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு படமும் சரியான பெயரோடு அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. இந்தத் துணுக்குகள் அதற்காக.

●

1942 ஏப்ரல் 9 காலை திருகோணமலையைத் தாக்கிய விமானங்கள் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பின: அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுயிகாகு. ஆனால் துறைமுகத்தின் மேல் வந்தவை இரண்டே வகை. குண்டு போட்டவை நகாஜிமா பி5என். அவற்றுக்குக் காவலாக வந்தவை மிட்சுபிஷி சீரோ. மூன்றாவது வகையான டி3ஏ, செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானம். அது அன்று மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' கப்பலை மூழ்கடிக்கப் போனது.

பி5என்னில் மூவர் ஒருவர் பின் ஒருவராக இருப்பார்கள். கண்ணாடிக் கூண்டு நீளமானது. டி3ஏயில் இருவர், மடங்காத சக்கரம். சீரோவில் ஒருவர் மட்டுமே.

இதைத் தெரிந்துகொண்டால் ஊர்க்கதை ஒன்றையும் சோதித்துப் பார்க்கலாம். சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் யப்பானிய விமானம் மோதியது, அதில் மூவர் இருந்தார்கள் என்று திருகோணமலையில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூவர் என்பது சரியானால் அது சீரோவாக இருக்க வழியே இல்லை; பி5என்னாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் அந்தக் கதையோடு சீரோ படத்தைச் சேர்த்துப் போடும் வழக்கம் விடுவதாக இல்லை.

●

சீரோவிலும் வகை உண்டு. 1942 ஏப்ரலில் வந்தது 21ஆம் மாதிரி: இறக்கை முனை உருண்டை, அகலம் 12 மீற்றர், கப்பலின் லிஃப்டில் ஏற்றுவதற்காக இரு முனைகளிலும் சிறு துண்டு மடங்கும். அடுத்து வந்த 32ஆம் மாதிரியில் அந்த மடிப்பையே எடுத்துவிட்டார்கள். முனை சதுரமானது, அகலம் 11 மீற்றராகக் குறைந்தது.

சதுர முனையை முதலில் கண்ட நேச நாட்டினர் இது புத்தம் புதிய விமானம் என்று நினைத்து 'ஹாப்' என்று தனிப்பெயரே வைத்துவிட்டார்கள். அமெரிக்க விமானப்படைத் தளபதி ஆர்னல்டின் செல்லப்பெயரும் ஹாப். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பதால் 'ஹாம்ப்' ஆனது. விழுந்த விமானங்களை அருகில் பார்த்த பிறகுதான் அது சீரோவின் இன்னொரு வகை என்பது உறுதியானது. போர்க்கால வல்லுநர்களுக்கே இந்தப் பாடு.

●

இறக்கை முனை வெட்டிய இன்னொரு விமானமும் திருகோணமலைக்கு வந்தது: பிரித்தானியக் கடற்படையின் கோர்செயர். அமெரிக்கக் கோர்செயரின் இறக்கையை மடித்து நிமிர்த்தினால் பிரித்தானியக் கப்பல்களின் தாழ்வான கொட்டகைக்குள் அது நிற்காது. எனவே ஒவ்வொரு முனையிலும் சுமார் 20 சென்ரிமீற்றர் குறைத்தார்கள். 1944 ஏப்ரல் 19 அன்று சுமாத்திராவின் சபாங் துறையைத் தாக்க திருகோணமலையிலிருந்து புறப்பட்ட 'இலஸ்ரியஸ்' கப்பலில் இருந்தவை இந்தக் குறுகிய இறக்கைக் கோர்செயர்கள். துணைக்கு வந்த அமெரிக்க 'சரட்டோகா' கப்பலில் இருந்த போர் விமானம் வேறு, ஹெல்கட். சபாங் தாக்குதல் படம் என்று யாராவது காட்டினால் முதலில் இறக்கை முனையைப் பாருங்கள்.

●

இனி டகோட்டா. இதற்கு இடம் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அதிகம் பேசப்படுவதும் அதிகம் குழப்பப்படுவதும் இதுதான்.

1935 டிசம்பர் 17 அன்று முதலில் பறந்த டக்ளஸ் டிசி-3, போருக்கு முந்திய பயணிகள் விமானம். போரில் அதுவே சி-47 என்ற சரக்கு விமானமாகிப் பத்தாயிரத்துக்கும் மேல் தயாரானது. பிரித்தானியர் வைத்த பெயர் டகோட்டா. அவர்கள் நான்கு வகையாகப் பிரித்தார்கள்: சி-47 என்றால் டகோட்டா 1, சி-53 என்றால் டகோட்டா 2, சி-47ஏ என்றால் டகோட்டா 3, சி-47பி என்றால் டகோட்டா 4.

●

டகோட்டாவில் முதலில் பார்க்க வேண்டியது கதவு. இடது பக்கம், இறக்கைக்குப் பின்னால். இரண்டு பாளமாகத் திறக்கும் அகலமான சரக்குக் கதவு இருந்தால் சி-47 குடும்பம். ஜீப்பைக்கூட அந்த வழியாக ஏற்றலாம். ஒற்றைச் சிறு கதவு மட்டும் இருந்தால் அது ஆட்களை ஏற்றுவதற்கான சி-53, அல்லது போருக்கு முந்திய டிசி-3. சி-53இல் தரையும் சரக்குக்கு ஏற்றபடி வலுவூட்டப்படவில்லை. போருக்குப் பின் பல சி-47கள் பயணிகள் விமானமாக மாறியபோது பெரிய கதவை அடைத்துச் சிறு கதவு வைத்தார்கள். அப்படியான படங்களில் பழைய கதவின் விளிம்பு உடலில் கோடாகத் தெரியும். உற்றுப் பாருங்கள்.

போருக்கு முந்திய சில டிசி-3களில் பயணிகள் கதவு வலது பக்கம் இருந்தது. வலது கதவைக் கண்டவுடன் படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

●

சி-47க்கும் சி-47ஏக்கும் வெளியே பார்த்து வித்தியாசம் பிடிப்பது கடினம். முக்கியமான மாற்றம் உள்ளே: முன்னதில் 12 வோல்ற் மின்சாரம், பின்னதில் 24 வோல்ற். சி-47பியில் எஞ்சினே மாறியது. அசாமிலிருந்து இமயமலைக்கு மேலாகச் சீனாவின் குன்மிங்குக்குப் பொருட்கள் கொண்டுபோக, உயரத்தில் மூச்சு வாங்காத இரட்டை வேகக் காற்றமுக்கியோடு கூடிய எஞ்சின் தேவைப்பட்டது. அந்தக் காற்றமுக்கி தொல்லை கொடுத்ததால் பின்னாளில் பலவற்றில் அதைக் கழற்றிவிட்டார்கள். கழற்றியதற்கும் தனிப்பெயர்: சி-47டி.

●

வெளியே பார்த்துச் சொல்ல முடியாததை எண் சொல்லிவிடும். பிரித்தானிய டகோட்டாவின் வாலுக்கு முன்னால் உடலில் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் இருக்கும். கேஜி என்று தொடங்கினால் டகோட்டா 3. கேஜே, கேகே, கேஎன் என்று தொடங்கினால் டகோட்டா 4. படத்தில் இலக்கம் மங்கியிருந்தாலும் அந்த இரண்டு எழுத்து தெரிந்தால் போதும்.

●

அமெரிக்கக் குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்தும் வெறும் அலங்காரமல்ல. டிஎல் என்றால் கலிபோர்னியாவின் லோங் பீச் தொழிற்சாலை. டிகே என்றால் ஒக்லஹோமா நகரம். ஒக்லஹோமாவில் செய்த சி-47களுக்கு நடுவில் எண் வரிசையை மாற்றியதால் ஒரே விமானத்துக்கு இரண்டு தயாரிப்பு எண்கள் உண்டு. பதிவேடுகளில் சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதியிருப்பார்கள். இரண்டு விமானம் என்று எண்ணிவிடக் கூடாது.

●

டகோட்டா போரின் எதிரெதிர்ப் பக்கங்களில் பறந்தது என்பது தெரியுமா? யப்பான் 1938இல் அதன் உரிமத்தை வாங்கியது. ஷோவா, நகாஜிமா நிறுவனங்கள் 487 விமானங்கள் செய்தன. பெயர் எல்2டி; நேச நாட்டினர் வைத்த அடையாளப் பெயர் 'ராபி'. மிட்சுபிஷியின் கின்செய் எஞ்சின். விமானி அறைக்குப் பின்னால் கூடுதலாக மூன்று சிறு ஜன்னல்கள் இருந்தால் அது யப்பானில் செய்தது. விமானி, வழிகாட்டி, வானொலிக்காரர் எல்லோரையும் ஒரே அறையில் வைக்கத் தடுப்புச்சுவரைப் பின்னுக்குத் தள்ளியதால் வந்த ஜன்னல்கள் அவை.

சோவியத் நாடும் உரிமம் வாங்கியது. அங்கே லி-2. நாலாயிரத்துத் தொளாயிரத்துக்கும் மேல். பயணிகள் கதவு வலது பக்கம். குளிரில் எஞ்சின் உறையாமல் இருக்க முன்னால் திறந்து மூடும் தகடுகள். அமெரிக்க டகோட்டாவின் எஞ்சினைவிடச் சிறிய மூடி.

●

எயர் சிலோனின் முதல் மூன்று டகோட்டாக்களின் பெயர்கள்: சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்ரா தேவி. முதல் சேவை 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. போரில் சரக்கு சுமந்த விமானங்கள் எப்படி வடக்குக்கும் தமிழகத்துக்கும் பயணிகளைக் கொண்டுபோயின என்பதை, கதவை மாற்றிய அந்தக் கோடுகளில் பார்க்கலாம்.

●

ஜேர்மனியின் டகோட்டா என்று ஜூ 52ஐச் சொல்லலாம். அகலம் 29.25 மீற்றர், டகோட்டாவும் கிட்டத்தட்ட அதே அகலம். ஆனால் டகோட்டாவுக்கு எஞ்சின் இரண்டு, ஜூ 52க்கு மூன்று. மூன்றாவது மூக்கில். உடல் முழுவதும் எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் போல நெளிநெளியாக இருக்கும். மெல்லிய உலோகத்துக்கு அந்த நெளிவு வலுக் கொடுத்தது. காற்றின் இழுவையைக் கூட்டி வேகத்தையும் குறைத்தது. ஏர்ன்ஸ்ட் ஸிண்டல் வடிவமைத்து டெசாவ் நகரில் தொடங்கிய இந்த விமானம் நாலாயிரத்து எண்ணூறு வரை செய்யப்பட்டது.

இன்னொரு அடையாளம்: இறக்கையில் உள்ள இரண்டு எஞ்சின்களும் நேரே முன்னால் பார்க்காமல் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். இறக்கையின் முன்விளிம்பு சாய்வாகப் போக, எஞ்சினை அந்த விளிம்புக்குச் செங்குத்தாக வைத்ததால் வந்த தோற்றம். மங்கலான படத்திலும் இது தெரியும்.

●

ஜூ 52இன் போர்க்கால வகைகளைப் பிரிப்பது பொறுமை வேண்டும் வேலை. எளிமையான தொடக்கம் வால். ஜி3இ வகையில் வாலின் அடியில் தரையில் உரசும் கட்டை இருக்கும். ஜி4இ வகையில் அந்த இடத்தில் சிறு சக்கரம். ஜி3இ குண்டு போடவும் பயன்பட்டது. வயிற்றுக்கடியில் சுடுபவர் இருக்க இறக்கித் தொங்கவிடும் தொட்டி ஒன்று அதில் உண்டு. ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ப் படங்களில் அதைக் காணலாம்.

ஜி5இ: சக்கரம், பனிச்சறுக்கு, மிதவை மூன்றையும் மாற்றி மாற்றிப் பூட்டலாம். ஜி7இ: சரக்குக் கதவு பெரிது, தானாக ஓட்டும் கருவி. ஜி9இ: பின்னால் கிளைடரைக் கட்டி இழுக்கும் கொக்கி, வலுவான சக்கரக் கால். கடைசி வகையான ஜி14இயில் விமானிக்குக் கவசத் தகடு.

இவ்வளவும் தெரிந்தாலும் ஒரு படத்தை வைத்து 'இது ஜி7இ' என்று அடித்துச் சொல்வது ஆபத்து. முன்வரிசையில் உடைந்த விமானத்துக்கு இன்னொன்றின் கதவை மாட்டுவார்கள், எஞ்சின் மூடியை மாட்டுவார்கள். சேறு சிக்குகிறதென்று சக்கரத்தின் மேல் மூடியைக் கழற்றி எறிவார்கள். நல்ல ஆய்வாளர் குறைந்தது மூன்று அடையாளம் ஒத்துப்போனால்தான் வாய் திறப்பார்.

●

பெரிய வளையம் மாட்டிய ஜூ 52 படம் பார்த்திருக்கிறீர்களா? மூக்கிலிருந்து இறக்கை, வால் வரை சுற்றிவரும் அந்த வளையத்தில் மின்சாரம் பாய்ச்சிக் காந்தப் புலத்தை உண்டாக்கி, கடலுக்கடியில் கிடக்கும் காந்தக் கண்ணிகளை வெடிக்கவைப்பார்கள். அதற்காகத் தாழப் பறக்க வேண்டும்; வெடிப்பு விமானத்தையே தொடலாம். எம்எஸ் என்ற எழுத்து சேர்த்த வகை இது. பிரித்தானியரிடம் வெலிங்டன் விமானத்தில் இதே ஏற்பாடு இருந்தது.

●

ஜூ 52இன் பிஎம்டபிள்யூ எஞ்சின், அமெரிக்கப் பிராட் அண்ட் விட்னி 'ஹோர்னட்' எஞ்சினின் உரிமத்தில் பிறந்தது. டகோட்டாவின் எஞ்சினும் பிராட் அண்ட் விட்னி.

●

ஸ்ராலின்கிராட்டில் சுற்றிவளைக்கப்பட்ட படைக்கு உணவு கொண்டுபோகும் முயற்சியில் 1942 நவம்பர் இறுதி முதல் 1943 பெப்ரவரி தொடக்கம் வரை ஜேர்மனி இழந்த ஜூ 52கள் மட்டும் 266. விமானங்களை மட்டுமல்ல, விமானம் ஓட்டப் பழக்கும் ஆசிரியர்களையும் அங்கே இழந்தார்கள். பயிற்சிப் பள்ளிகளிலிருந்து விமானங்களையும் ஆட்களையும் அள்ளிக்கொண்டு போனதன் விளைவு அது.

●

போர் முடிந்த பிறகும் ஜூ 52 பிறந்துகொண்டே இருந்தது. பிரான்சில் ஏஏசி.1 'ருகான்' என்ற பெயரில். ஸ்பெயினில் காசா 352 என்ற பெயரில் 170. ஸ்பெயினின் 352எல் வகையில் உள்ளூர் எஞ்சின். 1969இல் வந்த 'பற்றில் ஒஃப் பிரிட்டன்' படத்தில் நீங்கள் பார்க்கும் ஜூ 52 ஸ்பெயினில் செய்த காசா. அதே படத்தின் ஜேர்மன் குண்டுவீச்சு விமானங்களும் போர் விமானங்களும் ஸ்பானியத் தயாரிப்பே. அவற்றில் இருந்தது பிரித்தானிய மேர்லின் எஞ்சின். சினிமாப் படத்தை ஆதாரமாக வைத்து வகை சொல்ல வேண்டாம்.

●

ஜேர்மனியின் எம்ஈ 323 'ஜிகாண்ட்'. ஆறு எஞ்சின், 55 மீற்றர் அகலம், பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துச் சக்கரம், மூக்கே இரண்டாகப் பிளந்து கதவாகும். இழுத்துக்கொண்டு போகும் எஞ்சினில்லாக் கிளைடராக இருந்ததற்கு எஞ்சின் மாட்டியவுடன் உருவான விமானம். எஞ்சின்கள் பிரான்சிலிருந்து வந்த நோம்-ரோன். டி-1 வகைக்கும் டி-2 வகைக்கும் வித்தியாசம் விசிறியில்: டி-1இல் உலோகத்தாலான மூன்று இதழ், டி-2இல் மரத்தாலான இரண்டு இதழ். கையில் கிடைத்த விசிறியை மாட்டிய காலம் அது. விசிறியே இன்று அடையாளம் ஆகிவிட்டது. டி-6இல் மறுபடி மூன்று இதழ். பின்னர் வந்த ஈ வகையில் இறக்கையின் மேலேயே துப்பாக்கிக் கூண்டு.

1943 ஏப்ரல் 22 அன்று வட ஆபிரிக்காவுக்கு எரிபொருளும் பொருட்களும் கொண்டுபோன 27 ஜிகாண்ட்களில் 21 ஒரே நாளில் சுட்டு வீழ்த்தப்பட்டன.

●

ஆராடோ 232 விமானத்தின் வயிற்றுக்கடியில் பதினொரு சோடிச் சிறு சக்கரங்கள். பள்ளமும் கல்லுமான தரையில் இறங்கி, தாழ்ந்து நின்று, பின்கதவைத் திறந்து சரக்கு ஏற்றும். ஏ வகையில் இரண்டு எஞ்சின், பி வகையில் நான்கு. எண்ணினால் முடிந்தது. இரு வகையும் சேர்த்துச் செய்ததே இருபதை ஒட்டித்தான்.

●

ஜேர்மன் விமானம் இந்தியத் துணைக்கண்டத்தில் இறங்கியதுண்டா? உண்டு. 1938 நவம்பரில் ஃபொக்கே-வூல்ஃப் 200 கொண்டோர் ஒன்று பெர்லினிலிருந்து பஸ்ரா, கராச்சி, ஹனோய் வழியாக ரோக்கியோவுக்குச் சுமார் 46 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. நான்கு எஞ்சின் கொண்ட அந்தப் பயணிகள் விமானத்தின் சி வகைதான் போரில் அத்லாந்திக்கில் கப்பல் வேட்டையாடியது. வயிற்றுக்கடியில் நீளமான தொட்டி புடைத்துக்கொண்டிருந்தால் அது போர்க்கால வகை.

●

போரில் சீனக்குடாவுக்கு வந்த மிகப் பெரிய விமானம் பி-29. 1944 ஓகஸ்ட் 10 மாலை, நீட்டிக் கட்டிய ஓடுபாதையிலிருந்து 54 பி-29கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நோக்கிக் கிளம்பின. போக வர ஆறாயிரம் கிலோமீற்றருக்கு மேல். எட்டு விமானங்கள் மூசி ஆற்றில் கண்ணிகளைப் போட்டன. நான்கு இதழ் விசிறி, உருண்டைக் கண்ணாடி மூக்கு, மூன்று சக்கரத்தில் சமமாக நிற்கும் நிலை: இந்த மூன்றும் இருந்தால் வேறெதுவும் தேட வேண்டியதில்லை.

●

அதே நான்கு எஞ்சின் என்று லிபரேற்றரோடு குழப்ப வேண்டாம். அதற்கு வாலில் இரண்டு செங்குத்துத் துடுப்பு. சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியாவிலிருந்து பறந்த 160ஆம் படைப்பிரிவிடம் இருந்தது இதுதான். மூக்கில் வெறும் கண்ணாடி என்றால் 3 அல்லது 5ஆம் வகை. சுழலும் துப்பாக்கிக் கூண்டு என்றால் 6.

●

கற்றலீனாவில் பார்க்க வேண்டியது சக்கரம். பிபிஒய்-5 தண்ணீரில் மட்டும் இறங்கும் படகு விமானம். பிபிஒய்-5ஏ தரையிலும் இறங்கும். உடலின் பக்கத்தில் சக்கரம் மடங்கி அமரும் வட்டக் குழி தெரியும். கொக்கலை வாவியிலிருந்து 1942 ஏப்ரல் 4 அன்று யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பிய கனடியர் பேர்ச்சல் ஓட்டியது கற்றலீனா. சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியிலும் கற்றலீனாக்கள் நின்றன. 240ஆம் படைப்பிரிவு அங்கிருந்து பறந்தது.

கொக்கலைக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த்துக்கும் இடையே 1943 முதல் 1945 வரை குவான்ராஸ் கற்றலீனாக்கள் 271 தடவை இந்து சமுத்திரத்தைக் கடந்தன. ஒரு பயணம் 27 மணி நேரத்துக்கு மேல். பயணிகள் மூவர். ஒரே பயணத்தில் சூரியன் உதிப்பதை இரண்டு தடவை பார்ப்பார்கள்.

●

படம் எடுத்த காலத்தை வட்டச் சின்னம் சொல்லும். பிரித்தானிய விமானத்தின் வட்டத்தில் நடுவே சிவப்பு இருந்தது. யப்பானியரின் சின்னமும் சிவப்பு வட்டம். தங்கள் ஆட்களே சுட்டுவிடக் கூடாதென்று 1942க்குப் பிறகு எங்கள் பக்கத்து விமானங்களில் சிவப்பை அழித்து, கடும் நீலமும் வெளிர் நீலமும் மட்டும் வைத்தார்கள், வட்டமும் சிறியதானது. நடுவே வெளிறிய சிறு வட்டம் தெரிந்தால் படம் போரின் பிற்பகுதி. அமெரிக்கரும் 1942 மே மாதம் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்பை எடுத்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துச் சில கறுப்பு-வெள்ளைப் ஃபிலிம்களுக்குச் சிவப்பு உறைக்காது. சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சள் இருண்டுபோகும், நீலம் வெளிறும். நடுவட்டம் கறுப்பாக இருந்தால் அது சிவப்பாக இருக்கலாம்.

●

விழுந்த விமானத்தில் உளவுத்துறை முதலில் தேடியது குண்டையல்ல, தகட்டை. எஞ்சினிலும் கருவிகளிலும் ஆணியறைந்த சிறு உலோகத் தகடுகளில் தயாரிப்பாளர், எண், நாள் எல்லாம் இருக்கும். ஜேர்மனியர் நிறுவனப் பெயரை மறைத்து மூன்றெழுத்துக் குறி போட்டார்கள். யப்பானியத் தகடுகளைச் சேர்ப்பதற்கென்றே நேச நாட்டினர் தனி வேலைத்திட்டம் நடத்தினார்கள்.

தொடர் எண்களை வைத்து உற்பத்தியைக் கணக்கிட்டதன் துல்லியம் வியப்பானது. 1942 ஓகஸ்டில் ஜேர்மனி செய்த ராங்கிகள் 1,550 என்றது உளவுத்துறை. கைப்பற்றிய ராங்கிகளின் எண்களை வைத்துப் புள்ளிவிபரக்காரர் சொன்னது 327. போர் முடிந்து ஜேர்மன் பதிவேட்டைத் திறந்தபோது இருந்தது 342.

அதனால்தான் சொல்கிறேன்: தோட்டத்திலோ கடற்கரையிலோ பழைய விமானத் துண்டு கிடைத்தால் துருவை உரசாதீர்கள். தகட்டில் உள்ள எழுத்து போய்விடும். வெடிபொருள் ஏதும் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் தொடவே வேண்டாம், பொலிசுக்குச் சொல்லுங்கள்.

●

விமானத்தில் எழுதிய எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2018இல் இந்திய விமானப்படைக்குப் பரிசாக வந்த 'பரசுராமா' டகோட்டாவில் விபி905 என்று எழுதியிருக்கிறது. 1947 ஒக்ரோபர் 27 அன்று ஸ்ரீநகரில் முதலில் படையினரை இறக்கிய டகோட்டாவின் எண் அது. அதன் நினைவாக இதற்கு இட்டார்கள்.

லுஃப்தான்சா பல ஆண்டுகள் பறக்கவிட்ட நினைவு ஜூ 52இன் கதை இன்னும் சிக்கலானது. 1936இல் பிறந்த விமானம் என்று அதன் பத்திரங்கள் சொல்லும். ஆனால் போருக்குப் பின் நோர்வேயில் பெரிய திருத்தம் நடந்தபோது போர்க்கால ஜூ 52 ஒன்றின் உடலுக்குப் பழைய விமானத்தின் அடையாளத்தைக் கொடுத்துவிட்டார்கள். பத்திரம் ஒன்று, உலோகம் வேறு. இரண்டையும் சொல்வதுதான் நேர்மையான குறிப்பு.

●

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்குப் போன இந்திய விமானப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானம் 29 பேரோடு வங்கக் கடலின் மேல் காணாமல் போனது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 3,400 மீற்றர் ஆழத்தில் சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில் உடைந்த துண்டுகள் தெரிந்தன. அவற்றை ஏஎன்-32இன் பாகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் பொருந்துகின்றன என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். பாகத்தைக் கண்டு விமானத்தைச் சொல்லும் திறமை 29 குடும்பங்களுக்கு ஒரு விடையைக் கொடுத்தது.

முழு விமானமாக ஏஎன்-32ஐ அடையாளம் காண்பது எளிது. எஞ்சின்கள் இறக்கைக்கு மேலே தூக்கி வைக்கப்பட்டிருக்கும். அதன் அண்ணனான ஏஎன்-26இல் இறக்கைக்குக் கீழே. இலங்கை விமானப்படையிலும் ஏஎன்-32 இருக்கிறது.

●

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் உள்நாட்டுப் போருக்குள் வளர்ந்தவர்களுக்கு விமான அடையாளம் படிக்கப் புத்தகம் தேவைப்படவில்லை. அவ்ரோ, சகடை, புக்காரா, கிபிர் என்று பதுங்குகுழிக்குள் இருந்தபடியே சத்தத்தை வைத்துச் சொன்ன சிறுவர்கள் இன்று நடுவயதுக்காரர்கள். சரக்கு விமானத்திலிருந்தும் குண்டு விழும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள். அவர்கள் சொல்வதை, எந்த ஆண்டு, எந்தச் சத்தம், எந்தத் திசை என்று யாராவது உட்கார்ந்து எழுதிவைக்க வேண்டும். எந்த ஆவணக்காப்பகத்திலும் அது கிடைக்காது.

●

பழைய படத்தைப் பிரதியெடுக்கும்போது ஓரத்தை வெட்டாதீர்கள். இறக்கை முனையும் வால் எண்ணும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஸ்ரூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய நாள் ஏதாவது இருக்கும். தெரியாத வகையை ஊகித்துப் பேனாவால் எழுத வேண்டாம். 'இரண்டு எஞ்சின், இடது பக்கம் பெரிய கதவு, வாலருகே கேஜி' என்று கண்ணால் கண்டதை மட்டும் தனித்தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். பின்னால் பார்ப்பவர் டகோட்டா 3 என்று தானே கண்டுகொள்வார்.